மழைக்கும் ஒரு நேர அட்டவணை உண்டு

சனிக்கிழமை காலை 8 மணி. பாலிக் புலாவ் வயல் பாதையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போகிறீர்கள். இரு பக்கமும் நெல் வயல். கிழக்கே பச்சை மலை வரிசை. வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. “இன்றைக்கு மழையே வராது, சாயங்காலம் வரை சுற்றலாம்” என்கிறான் உடன் வரும் நண்பன்.

அதே பாதையில் பிற்பகல் 3 மணிக்கு நின்று பாருங்கள். மலை உச்சி கறுத்திருக்கும். சில்லென்று ஒரு காற்று வீசும். என்ன நடக்கிறது என்று யோசிப்பதற்குள் இடியும் மழையும் வந்துவிடும்.

மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் பினாங்கில் இது அடிக்கடி நடப்பதுதான். “இந்த வானத்தை நம்பவே முடியாது” என்று வீட்டில் பெரியவர்கள் அலுத்துக்கொள்வார்கள். ஆனால், இந்த மழை மனம் போன போக்கில் வருவதில்லை. பெரும்பாலான நாள்களில் அதற்கு ஒரு நேர அட்டவணை உண்டு. அதைப் படிக்கத் தெரிந்தவர் நனையாமல் வீடு திரும்பலாம். நனைவதைவிடப் பெரிய ஓர் ஆபத்திலிருந்தும் தப்பலாம்.

இரண்டு பருவக்காற்றுகளுக்கு நடுவே

ஐரோப்பாவில் இது இளவேனில் தொடங்கும் காலம். ஒரே நாளில் வெயிலும் மழையும் மாறி மாறி வரும். நமக்கு இளவேனில் இல்லை. நமக்கு இருப்பது பருவ மாற்றக் காலம். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. ஒன்று ஓய்ந்து மற்றது தொடங்காத இடைவெளியில்தான் நாம் இருக்கிறோம்.

வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தான், திரெங்கானு பக்கம் வெள்ளத்தைக் கொண்டுவரும்போதும் பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் வறண்டே இருக்கும். நடுவில் நிற்கும் தித்திவாங்சா மலைத்தொடர் அந்த மழையின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. மார்ச் கடைசியில் அந்தப் பெரிய காற்று தளர்கிறது. பெரிய காற்று ஓய்ந்ததும் உள்ளூர்க் காற்றுகளின் கை ஓங்குகிறது. கடலும் கரையும் மலையும் சேர்ந்து நம் வானிலையைத் தீர்மானிக்கத் தொடங்குகின்றன.

இதே சமயத்தில் சூரியனும் நம் தலைக்கு மேல் வருகிறது. பினாங்கு நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 5.4 டிகிரி வடக்கே இருக்கிறது. மார்ச் 20 அல்லது 21இல் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்கும் சூரியன், ஏப்ரல் 3ஆம் தேதி வாக்கில் நமக்கு நேர் மேலே வந்து நிற்கும். அன்று வெயில் இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். பிற்பகல் 1.20 மணியளவில் ஒரு குச்சியைத் தரையில் செங்குத்தாக நட்டால், அதன் நிழல் ஏறத்தாழ மறைந்துபோகும். ஏன் 12 மணிக்கு இல்லை என்று கேட்கிறீர்களா? நம் கடிகாரம் இங்குள்ள சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்தி ஓடுகிறது. மழையின் அட்டவணையைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

தரை சூடாகிறது, கடல் சும்மா இருக்கிறது

ஒரு கிலோகிராம் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த சுமார் 4,200 ஜூல் வெப்பம் வேண்டும். காய்ந்த மணலுக்குச் சுமார் 800 ஜூல் போதும். பள்ளியில் படிக்கும் தன்வெப்பம் இதுதான். எனவே, ஒரே வெயிலில் தரை விரைவாகச் சூடேறுகிறது. கடலின் வெப்பநிலை மெதுவாகவே உயர்கிறது.

சூடான தரை தன் மேலுள்ள காற்றையும் சூடாக்குகிறது. சூடான காற்று இலேசாகி மேலே போகிறது. அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே வருகிறது. இதுதான் கடற்காற்று. முற்பகலில் வயல் பாதையில் போகும்போது மேற்கிலிருந்து இதமாக ஒரு காற்று முகத்தில் பட்டால், அட்டவணையின் முதல் மணி அடித்துவிட்டது என்று பொருள்.

பினாங்கு ஒரு தீவு. மேற்குக் கரையிலிருந்தும் காற்று வருகிறது. கிழக்குக் கரையிலிருந்தும் வருகிறது. நடுவில் கொடிமலையும் அதைச் சேர்ந்த குன்றுகளும் நிற்கின்றன. உயரமான இடம் 833 மீட்டர். வந்த காற்று மலையில் மோதி மேலே ஏறுகிறது.

மேலே ஏறும் காற்று குளிரும். கொடிமலை ரயிலில் போயிருந்தால் உங்களுக்கே தெரியும்; உச்சியில் இறங்கியதும் ஜோர்ஜ்டவுனைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். காற்று குளிரக் குளிர, அதிலுள்ள நீராவி துளிகளாக மாறுகிறது. கொப்பித்தியாமில் வைத்த ஐஸ் தண்ணீர்க் கிளாஸின் வெளிப்பக்கம் வியர்ப்பது போலத்தான். எந்த வெப்பநிலையில் துளி உண்டாகத் தொடங்குகிறதோ அதற்குப் பனிநிலை என்று பெயர்.

ஓர் எளிய கணக்கு இருக்கிறது. காற்றின் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் உள்ள வேறுபாட்டை 125ஆல் பெருக்கினால், மேகத்தின் அடிப்பகுதி ஏறத்தாழ எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கும் என்று தெரிந்துவிடும். காற்று 32 டிகிரி, பனிநிலை 24 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 8. 8 × 125 = 1,000 மீட்டர். கொடிமலையின் தலைக்குச் சற்று மேலே! முற்பகலில் முதல் வெள்ளை மேகங்கள் மலை உச்சியை ஒட்டித் தோன்றுவதன் காரணம் இப்போது புரிகிறதா?

கதை அங்கே முடிவதில்லை. நீராவி துளியாக மாறும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. ஒரு கிலோகிராமுக்குச் சுமார் 24 லட்சம் ஜூல். அந்த வெப்பம் மேகத்துக்குள் இருக்கும் காற்றை மேலும் உந்துகிறது. பஞ்சுப் பொதி போலிருந்த மேகம் பூக்கோசு போல வளர்ந்து, 12 கிலோமீட்டருக்கும் மேல் எழும்பி இடிமேகமாகிறது. பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவதே 1.20க்குத்தான். தரை சூடேறி, மேகம் வளர்ந்து முடிய இன்னும் சில மணி நேரம் ஆகும். அதனால்தான் பருவ மாற்றக் காலத்து இடிமழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் வருகிறது.

இது நம் தீவுக்கு மட்டும் உரியதன்று. ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்கு வடக்கே திவி தீவுகள் இருக்கின்றன. ஏறத்தாழ செப்டம்பர் முதல் மார்ச் வரை, அந்தத் தீவுகளின் மேல் பெரும்பாலான பிற்பகல்களில் ஓர் இடிமேகம் எழும்புகிறது. நேரம் தவறாமல் வரும் அந்த மேகத்துக்கு, இரண்டாம் உலகப் போர்க்கால விமானிகள் ‘ஹெக்டர்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

உங்கள் உடலும் ஓர் இயந்திரம்

மழைக்கு முன் வெயிலையும் சமாளிக்க வேண்டும். மிதமாக மிதிக்கும் ஒருவர் பெடலுக்கு 75 வாட் ஆற்றல் கொடுக்கிறார் என்று கொள்வோம். நம் தசைகள் உணவிலிருந்து பெறும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றுகின்றன. மீதி 225 வாட் வெப்பமாக உடலில் தங்குகிறது. அதை முழுவதும் வியர்வை மூலமே வெளியேற்றுவதானால், ஒரு மணி நேரத்தில் மூன்றில் ஒரு லிட்டர் வியர்வை ஆவியாக வேண்டும்.

நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வையில் ஒரு பகுதி ஆவியாகாமல் சொட்டி வீணாகிறது. சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. எனவே, மணிக்கு அரை லிட்டர் தண்ணீராவது கையில் இருக்கட்டும். சமதரையில் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் போனால், வினாடிக்கு 5 மீட்டர் காற்றை நீங்களே உண்டாக்கிக்கொள்கிறீர்கள். மேட்டில் வேகம் குறையும்போது அந்தக் காற்றும் குறைகிறது. உடலில் உண்டாகும் வெப்பமோ கூடுகிறது. துன் சார்டோன் சாலை ஏற்றத்தில் தலை சுற்றினால், இறங்கி நிழலில் உட்காருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வயல் நடுவில் இடி கேட்டால்?

இப்போது முக்கியமான கேள்வி. நண்பன் சொன்னதைக் கேட்டு நேரம் போனதே தெரியாமல் சுற்றிவிட்டீர்கள். மின்னல் வெட்டுகிறது. எண்ணத் தொடங்குகிறீர்கள்: ஒன்று, இரண்டு, மூன்று... 27ஆவது வினாடியில் இடி கேட்கிறது. ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 வினாடி ஆகும். ஆக, மின்னல் 9 கிலோமீட்டர் தூரத்தில் வெட்டியிருக்கிறது.

‘இன்னும் தூரத்தில்தானே இருக்கிறது’ என்று நினைக்காதீர்கள். மழை பெய்யும் இடத்திலிருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பாலும் மின்னல் தாக்கக்கூடும். அடுத்த மின்னல் உங்கள் அருகிலேயே இறங்கலாம். உலகில் இடி மின்னல் மிக அதிகமாக நிகழும் பகுதிகளில் மலேசியாவும் ஒன்று. இடி காதில் விழுந்தால், நீங்கள் ஏற்கெனவே ஆபத்து வட்டத்துக்குள் இருக்கிறீர்கள்.

பக்கத்தில் தனியாக ஒரு மரம். சற்றுத் தள்ளி, கூரை மட்டும் உள்ள திறந்த குடில். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் கடை வரிசை. எங்கே போவீர்கள்?

மரம் வேண்டாம். உயரமான மரத்தில் இறங்கும் மின்னல், அதன் அடியில் நிற்பவர் மீது பக்கவாட்டில் பாயக்கூடும். திறந்த குடில் மழையைத் தடுக்கும், மின்னலைத் தடுக்காது. வயலிலேயே நின்றால் அங்கே மிக உயரமானவர் நீங்கள்தான். ரப்பர் டயர் காப்பாற்றும் என்பதும் தவறான நம்பிக்கை. பல கிலோமீட்டர் காற்றைக் கிழித்துக்கொண்டு வரும் மின்னலுக்கு ஒரு விரல் தடிப்பு ரப்பர் எம்மாத்திரம்? காருக்குள் இருப்பவரைக் காப்பது அதன் டயர் அன்று; சுற்றியுள்ள உலோகக் கூடுதான்.

சரியான விடை கடை வரிசை. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கிலோமீட்டர் போக 3 நிமிடம் 20 வினாடி போதும். முதல் இடியிலேயே கிளம்பினால்தான் இந்தக் கணக்கு உதவும். நான்கு சுவரும் கூரையும் உள்ள கட்டடம், கண்ணாடி மூடிய கார், பேருந்து ஆகியவை பாதுகாப்பானவை. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை வெளியே வர வேண்டாம்.

மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் சாலை எண்ணெயும் தூசியும் நீரில் கலந்து வழுக்கும். வெள்ளைக் கோடுகளும் இரும்பு மூடிகளும் இன்னும் மோசம். சக்கர விளிம்பைப் பிடிக்கும் பிரேக் ஈரத்தில் தாமதமாகவே பிடிக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள்.

பதினோரு மணிக்குத் திரும்பிவிடுங்கள்

அட்டவணைக்கும் விதிவிலக்கு உண்டு. ‘சுமாத்திரா’ எனப்படும் சூறைக்காற்று வரிசை, மலாக்கா நீரிணையைக் கடந்து விடியற்காலையிலோ காலையிலோ வந்துவிடும். ஏப்ரலிலிருந்து அதையும் எதிர்பார்க்கலாம். எனவே, புறப்படும் முன் மேற்கு வானத்தைப் பாருங்கள். மெட்மலேசியாவின் ‘மைச்சுவாச்சா’ செயலியில் இடிமழை எச்சரிக்கை இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழையுங்கள், தலைக்கவசத்தை மறக்காதீர்கள்.

இன்னொரு வேலையும் செய்யலாம். இரண்டு வாரத்துக்கு, காலை 9, 11, பிற்பகல் 1, 3 மணிக்குக் கொடிமலையைப் பார்த்து மேகத்தின் வடிவத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறியுங்கள். மழை வந்த நேரத்தையும் எழுதுங்கள். பதினைந்தாம் நாள் நண்பன் “இன்றைக்கு மழையே வராது” என்றால், நோட்டைத் திறந்து காட்டுங்கள். பிறகு இருவரும் சேர்ந்தே முடிவு செய்யலாம், எத்தனை மணிக்கு சைக்கிளைத் திருப்ப வேண்டும் என்று.