மேல்தாடையில் எலும்பு குறைவா? வழி உண்டு

மேல் கடைவாய்ப் பல்லை எடுத்துவிட்டுப் பல ஆண்டுகள் அப்படியே விட்டவர்கள், இம்ப்ளான்ட் வைக்கப் போகும்போது அடிக்கடி கேட்கும் பதில், "எலும்பு போதவில்லை." என் அம்மாவுக்கும் 63 வயதில் அதே பதில்தான். "இனி பல் செட்டோடயே காலத்தை ஓட்டிடலாம்" என்று அவர் முடிவே கட்டிவிட்டார். வானொலியில் கேள்வி கேட்பதுதான் என் பிழைப்பு. அதனால் மருத்துவரிடம் நான் கேட்க ஆரம்பித்தேன்.

எலும்பு எங்கே போகிறது?

பல் இருக்கும்வரைதான் அதைத் தாங்கும் எலும்புக்கு வேலை. பல் போனதும் எலும்பு மெல்லக் கரையும். மேல்தாடையில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடைவாய்ப் பற்களுக்கு மேலே, கன்னத்துக்குள், சைனஸ் என்னும் காற்றறை இருக்கிறது. பல் இல்லாத இடத்தில் அது கீழ்நோக்கி விரியும். கீழே எலும்பு தேய, மேலே அறை இறங்க, நடுவில் மிஞ்சுவது கொஞ்சம்தான். முப்பரிமாண ஸ்கேனில் அம்மாவுக்கு இருந்தது 4 மி.மீ. வழக்கமான இம்ப்ளான்ட்டின் நீளமோ ஏறக்குறைய 10 மி.மீ.

டைட்டேனியம் எலும்போடு இணைந்து ஒன்றாகிவிடும் என்று கண்டறிந்த சுவீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க், 1965ல் முதல் நோயாளிக்கு இம்ப்ளான்ட் பொருத்தினார். இணைவதற்கு எலும்பு வேண்டுமே! அதனால்தான் ஒவ்வொரு மில்லிமீட்டரும் கணக்கு.

என்னென்ன வழிகள்?

சைனஸ் லிஃப்ட்: சைனஸின் அடிச்சவ்வை மெதுவாக உயர்த்தி, அதன்கீழ் எலும்புத் துகளை நிரப்புவார்கள். அது உறுதியாகச் சில மாதங்கள் ஆகும். அம்மா 7 மாதம் காத்திருந்தார். முதல் இரண்டு வாரம் மூக்கைப் பலமாகச் சிந்தக்கூடாது என்பது மருத்துவரின் கண்டிப்பான உத்தரவு.

குட்டை இம்ப்ளான்ட்: எலும்பு ஓரளவு இருந்தால், 6 மி.மீ. நீளமுள்ளதையே வைக்க முடியலாம்.

சாய்த்து வைப்பது: மேல்வரிசைப் பற்கள் எல்லாமே போனவர்களுக்கு, சைனஸைத் தவிர்த்து முன்பக்க எலும்பில் சாய்வாகப் பொருத்துவார்கள். எலும்பு மிகவும் தேய்ந்திருந்தால், கன்ன எலும்பில் ஊன்றும் நீண்ட இம்ப்ளான்ட் உண்டு.

துகள் எதிலிருந்து வருகிறது?

இதைப் பலர் கேட்பதில்லை. நம் சொந்த எலும்பு, மனிதக் கொடையாளரின் எலும்பு, மாட்டு எலும்பு, செயற்கைப் பொருள் என்று பல வகை உண்டு. மேலே மூடும் சவ்வு பன்றியிலிருந்தும் வரலாம். மாட்டிறைச்சி தொடாதவர்களும் பன்றி விலக்கப்பட்டவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். சிகிச்சைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். அம்மா கேட்டார், செயற்கைத் துகளுக்கு மருத்துவரும் சம்மதித்தார்.

புகைப்பழக்கம், நீரிழிவு, சைனஸ் தொல்லை, எலும்புத் தேய்வுக்கான மாத்திரை எதையும் மறைக்காதீர்கள். சிங்கப்பூரில் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சைக்கு மெடிசேவ் பயன்படுத்தலாம். எந்தப் பகுதிக்கு எவ்வளவு என்று மருந்தகத்தில் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முப்பதுகளில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பல்லை எடுத்த முதல் ஆண்டில்தான் எலும்பு வேகமாகத் தேயும். கடைவாய்ப் பல்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று தள்ளிப்போடாமல், "அந்த இடத்தை என்ன செய்யலாம்?" என்று பல்லை எடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.