கோவேறு கழுதை ஏன் நிற்கிறது?

அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் இருக்கும் பாப் மார்ஷல் காட்டுப்பகுதியின் பரப்பு பத்து லட்சம் ஏக்கருக்கும் அதிகம். 1964ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதை மனிதக் கை படாத காடாகக் காக்கிறது. மோட்டார் வண்டி மட்டுமல்ல, சைக்கிள்கூட அங்கே நுழையக் கூடாது. உள்ளே ஒரு மரப்பாலத்தைப் புதுப்பிக்க வேண்டுமானாலும், பாதை செப்பனிடுவோருக்கு உணவு அனுப்ப வேண்டுமானாலும், குதிரைகளும் கோவேறு கழுதைகளும்தான் சுமந்து செல்கின்றன. விழுந்து கிடக்கும் பைன் மரங்கள், காலை உள்ளிழுக்கும் சதுப்பு, ஒருபுறம் சரிவு எனப் போகும் அந்த ஒற்றையடிப் பாதைகளில் சவாரிக்கும் கோவேறு கழுதையையே நாடுவோர் பலர். அது தனக்கு அடிபடும் இடத்தில் கால் வைக்காது என்பது அவர்கள் சொல்லும் காரணம். ஊர் உலகமோ அந்த விலங்கைச் சண்டி என்கிறது. இரு தரப்பும் பேசுவது ஒரே செயலைப் பற்றித்தான்: அது நடுவழியில் நின்றுவிடுகிறது. அந்த நிற்றல் பிடிவாதமல்ல, ஆபத்தை எடைபோடும் நேரம் என்பதற்கு உயிரியலில் நல்ல ஆதாரம் இருக்கிறது. அடித்து அதை நகர்த்துபவர் அதன் மிகப் பயனுள்ள குணத்தையே அழிக்கிறார் என்பது என் வாதம்.

பெண் குதிரைக்கும் ஆண் கழுதைக்கும் பிறப்பது கோவேறு கழுதை. இந்த இரு இனங்களின் மூதாதையரும் சுமார் 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டனர். பிறகு வாழ்ந்த நிலங்களும் வேறு. குதிரை திறந்த புல்வெளியில் கூட்டமாக மேய்ந்த விலங்கு. ஆபத்து என்றால் முதலில் ஓட்டம், பிறகுதான் என்னவென்று பார்ப்பது. கூட்டத்தோடு ஓடுவதும், தடையில்லாத தரையில் ஓடுவதும் அதற்குக் காப்பு. கழுதையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுக் கழுதை வாழ்வதோ எரித்ரியா, எத்தியோப்பியா போன்ற நாடுகளின் கல்லும் வறட்சியும் நிறைந்த நிலத்தில். தீனி குறைவு என்பதால் அவை சிதறி வாழ்கின்றன. வலுவான ஆண் தன் எல்லையைத் தானே காக்கிறது. கரடுமுரடான பாறைகளுக்கிடையே கண்மூடித்தனமாக ஓடினால் கால் முறியும். எனவே நின்று பார்த்து, தேவையானால் விலகி, வேறு வழியில்லாவிட்டால் எதிர்த்து நிற்பது அங்கே பிழைக்கும் வழியானது. கோவேறு கழுதையின் குறுகலான, உறுதியான குளம்புகளைப் போலவே இந்த நிதானமும் தந்தை வழி வந்தது என்பது நியாயமான விளக்கம்.

இதற்கு ஒரு மறுப்பு வரும். உறைந்து நிற்பதும் ஓடுவதைப் போல ஓர் அனிச்சைச் செயல்தானே, அதில் யோசனை எங்கே என்று கேட்கலாம். நின்ற பிறகு அது என்ன செய்கிறது என்பதைக் கவனித்தால் பதில் கிடைக்கும். நீண்ட காதுகள் முன்னால் திரும்புகின்றன. தலை தாழ்ந்து தரையை மோப்பம் பிடிக்கிறது. பிறகு சில வேளை அதே வழியில் நடக்கிறது, சில வேளை ஓரமாக விலகுகிறது, சில வேளை நகரவே மறுக்கிறது. முடிவு மாறுகிறது என்றால், கிடைத்த தகவல் அதை மாற்றுகிறது என்று பொருள். தலை தாழ்வதற்குக் கண்ணமைப்பிலும் காரணம் உண்டு. குதிரை இனத்தின் கண்கள் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் ஏறத்தாழ முழு வட்டமும் பார்வைக்குள் வரும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னாலும் மூக்குக்குக் கீழேயும் தெரியாத பகுதி உண்டு. தலையை அசைத்தும் தாழ்த்தியும்தான் அந்தக் குறையை அவை ஈடுகட்டுகின்றன. செங்குத்தான இறக்கத்தில் பயந்துபோய்க் கடிவாள வாரை இறுக்கிப் பிடிக்கும் மனிதர், விலங்கின் தலையை உயர்த்தி அது பார்க்க வேண்டிய இடத்தை மறைத்துவிடுகிறார். பாதுகாப்புக்காகச் செய்வதே ஆபத்தைக் கூட்டுகிறது.

அதன் அறிவுத்திறனை நேரடியாகச் சோதித்தவர்களும் உண்டு. லியான் புரூப்ஸ், ஃபெய்த் பர்டன், பிரிட்டா ஆஸ்ட்ஹவுஸ் ஆகிய மூவரின் ஆய்வு 2009இல் ‘அனிமல் காக்னிஷன்’ இதழில் வெளிவந்தது. கோவேறு கழுதைகள், கழுதைகள், மட்டக்குதிரைகள் ஆகிய மூன்றுக்கும் இரண்டிரண்டு உருவங்களைக் காட்டி, சரியானதைத் தேர்ந்தால் பரிசு கிடைக்கும்படி பழக்கினார்கள். பெற்றோர் இனங்கள் இரண்டையும்விடக் கோவேறு கழுதைகளே இதில் மேலாக இருந்தன. கலப்பினம் பெற்றோரைவிட வீரியமாக இருக்கும் என்று பயிர் விளைவிப்போர் அறிந்த உண்மை, மூளைக்கும் பொருந்தலாம் என்பதற்கு இது ஒரு சான்று. சோதித்த விலங்குகள் கொஞ்சம்தான். உருவங்களைப் பிரித்தறிவதும் காட்டாற்றைக் கடப்பதும் ஒன்றல்ல. இந்த ஆட்சேபம் சரியானதே. தனித்து நின்றால் அந்த ஆய்வு பெரிதாக எதையும் நிறுவாது. ஆனால் பரிணாம வரலாறு, பார்வையமைப்பு, பாதையில் அதன் நடத்தை மூன்றும் காட்டும் திசையிலேயே ஆய்வும் நிற்கிறது. முட்டாள்தனமும் முரண்டும்தான் அதன் இயல்பு என்ற பழைய எண்ணத்துக்கு ஆதாரமாக இவற்றில் ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் எல்லாக் கோவேறு கழுதையையும் நம்பி ஏறலாமா? கூடாது. குதிரைக்கு 64 குரோமோசோம்கள், கழுதைக்கு 62, கோவேறு கழுதைக்கு 63. இந்த ஒற்றைப்படை எண்ணோடு, இரு பக்கத்துக் குரோமோசோம்களும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாததால், அதற்கு இனப்பெருக்கம் மிக அரிதாகவே கைகூடுகிறது. சாதுவான குதிரைகளைத் தேர்ந்து தலைமுறை தலைமுறையாகப் பெருக்க முடிந்த மனிதனால், நல்ல கோவேறு கழுதையிலிருந்து இன்னொன்றைப் பெற முடியாது. ஒவ்வொன்றும் புதிதாகப் பிறந்து, புதிதாகப் பழக வேண்டும். 2003இல் அமெரிக்காவின் ஐடஹோ பல்கலைக்கழகம் குளோனிங் முறையில் ‘ஐடஹோ ஜெம்’ என்ற கோவேறு கழுதையை உருவாக்கியது. குதிரைக் குடும்பத்தின் முதல் குளோன் அதுதான். மரபணுவை நகலெடுக்க வழி பிறந்தது என்றாலும், நம்பிக்கை மரபணுவில் இல்லை. அது குறிப்பிட்ட ஒரு விலங்குக்கும் குறிப்பிட்ட ஒரு மனிதருக்கும் இடையே வளர்வது. பழகிய கைக்குப் பணிந்த விலங்கு, புதியவர் ஏறியதும் மீண்டும் முதலிலிருந்து சோதிப்பது அதனால்தான்.

1835இல் ஆண்டிஸ் மலையைக் கடந்த சார்லஸ் டார்வின் இந்த விலங்கை நன்றாகக் கவனித்திருக்கிறார். அவருடைய பயணத்தில் பத்துக் கோவேறு கழுதைகளும், கழுத்தில் மணி கட்டிய ஒரு முதிய பெண் குதிரையும் இருந்தன. மணியோசை கேட்கும் இடத்துக்கு மற்றவை பிள்ளைகளைப் போல வந்துசேர்ந்தன. கலப்பினமான இந்த விலங்கு பெற்றோரைவிட அறிவிலும் நினைவாற்றலிலும் பாசத்திலும் உழைப்பிலும் மேம்பட்டிருப்பது அவரை வியக்கவைத்தது. பிடிவாதத்தையும் அதே பட்டியலில்தான் அவர் சேர்த்தார். குதிரைத் தாயிடம் வளர்வதால் அதற்குப் பெண் குதிரையின் மேல் பற்று உண்டு என்பதும், மேற்கு அமெரிக்காவின் சுமைக்காரர்களும் இதே மணிக்குதிரை உத்தியைக் கையாண்டார்கள் என்பதும் ஒன்றைக் காட்டுகின்றன: அதிகாரத்துக்கு மசியாத இந்த விலங்கு, நம்பியதன் பின்னால் தானாகவே போகிறது.

நிற்பது எப்போதும் பாதையைப் பற்றிய எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதில்லை. கழுதை வழி விலங்குகள் வலியை வெளியே காட்டாமல் தாங்கிக்கொள்பவை. சேணம் உரசும் புண்ணும் லாடத்தில் சிக்கிய கல்லும் மறுப்பாகத்தான் முதலில் வெளிப்படலாம். வெறும் சோம்பலாகவும் இருக்கலாம்தான். ஆனால் காரணம் எதுவென்று சவுக்கு பிரித்தறியாது. நின்றால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட விலங்கு, அடுத்த முறை அழுகிய பாலத்தின் முன்னாலும் நிற்காமல் போகக்கூடும். வாரைத் தளர்த்தி ஒரு நிமிடம் விடுவதும், சேணத்தின் அடியில் கையைவிட்டுப் பார்ப்பதும், இறங்கித் தரையை மிதித்துப் பார்ப்பதும் அதைவிடச் செலவு குறைந்தவை. தரை கெட்டியாக இருந்தால் முன்னால் நடந்து காட்டிவிட்டு மறுபடி அழைக்கலாம். கால் புதைந்தால் மேட்டுப் பக்கமாகச் சுற்றிப் போகலாம்.