கணினிக் காவலுக்கு ஒரு தேர்வு

கணினிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் வலையமைப்பு இன்றைய வாழ்வின் நரம்பு எனலாம். 2017 மே 12 அன்று 'வானாகிரை' என்னும் தீய நிரல் பல நாடுகளில் பரவிற்று. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் கணினிகள் முடங்கின. குறித்திருந்த சிகிச்சைகள் தள்ளிப் போயின. அந்நிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. பல கணினிகளில் அஃது இடப்படவில்லை. அறியாமையும் அசட்டையும் நோயாளியின் படுக்கை வரை எட்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இக்காவற்பணியை ஏற்க விரும்புவோர்க்கெனச் சில சான்றிதழ்த் தேர்வுகள் உள்ளன. தொடக்க நிலையில் பெயர் பெற்றது, காம்ப்டியா என்னும் அமெரிக்க அமைப்பின் 'செக்யூரிட்டி பிளஸ்' தேர்வு. 2023 நவம்பரில் வெளிவந்த பாடத்திட்டத்தின்படி, மிகுதியாக 90 வினாக்கள். காலம் 90 நிமிடம். 100 முதல் 900 வரையுள்ள அளவில் 750 பெறுவோர் தேறுவர்.

பாடம் ஐந்து பகுதிகளாக அமைந்துள்ளது. பொதுக் கருத்துகளுக்கு 12 விழுக்காடு, அச்சுறுத்தல்களுக்கும் குறைபாடுகளுக்கும் 22, கட்டமைப்புக்கு 18, அன்றாடப் பாதுகாப்புப் பணிகளுக்கு 28, மேலாண்மைக்கு 20. படிக்கும் நேரத்தையும் இவ்வளவை ஒட்டிப் பகுத்துக்கொள்வதே முறை. தமக்கு எளிதானதையே திரும்பத் திரும்பப் படிப்பது மாணவர் இயல்பு. அதனை வெல்ல வேண்டும்.

முதலில் வலையமைப்பின் அடிப்படையை அறிக. செய்தி எவ்வழியே செல்கிறது என்பதை அறியாதவர் எங்கே காவல் வைப்பது? 22 ஆம் துறை வழியே செல்லும் எஸ்.எஸ்.எச். செய்தியை மறைத்து அனுப்புகிறது. 23 ஆம் துறையின் டெல்நெட் கடவுச்சொல்லையும் மறைக்காமல் அனுப்பிவிடுகிறது. எண்களை மட்டும் உருப்போட்டால் நாளை மறந்துபோம். இவ்வேறுபாட்டை உணர்ந்தால் எண்ணும் நினைவில் நிற்கும்.

மாணவரை மயக்கும் மற்றோர் இடம், மறையாக்கமும் 'ஹாஷ்' முறையும். மறையாக்கம் பூட்டிய பெட்டி போன்றது. உரிய திறவுகோல் உடையவர் திறந்து படிக்கலாம். ஹாஷ் என்பதோ கைரேகை போன்றது. ரேகையிலிருந்து மனிதனை உருவாக்க இயலாது; ஆயினும், ஆள் மாறினால் ரேகை காட்டிவிடும். முன்னது இரகசியத்தைக் காக்கிறது. பின்னது செய்தி மாறியதா என்பதைக் காட்டுகிறது.

ஏட்டறிவு மட்டும் போதாது. தேர்வில் செய்து காட்டும் வினாக்களும் உண்டு. ஆதலின், ஒரே கணினிக்குள் இரண்டு மெய்நிகர்க் கணினிகளை அமைத்து, ஃபயர்வால் விதிகளை எழுதியும் பதிவேடுகளைப் படித்தும் பழகுக. பழக்கம் தம் கணினியளவில் நிற்க வேண்டும். பிறர் கணினியை இசைவின்றிச் சோதிப்பது குற்றம். தேர்வு அறையில் நீண்ட வினா ஒன்றில் நேரம் கழியுமாயின், அதனைக் குறித்துவைத்து, ஏனையவற்றை முடித்தபின் திரும்புக.

களவாய் வெளிவந்த வினாக்களை விலைக்கு வாங்கி நெட்டுருப் பண்ணும் வழக்கமும் உண்டு. தேர்வு விதிகள் இதனைத் தடுக்கின்றன. கண்டுபிடிக்கப்பட்டால் சான்றிதழ் பறிபோகும். அகப்படாமல் தேறினும் பயன் என்ன? நம்பிக்கையைக் காக்கும் தொழிலுக்கு ஏமாற்று வாயிலாகவா புகுவது? அத்தகையவரை நம்பி ஒரு மருத்துவமனை தன் கணினிகளை ஒப்படைக்குமாயின், அதன் விளைவை மேலே கண்டோம்.

இச்சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்கே செல்லும். அதற்குள் புதுப்பித்தல் வேண்டும். இது தக்கதே. தாக்குவோர் நாள்தோறும் கற்கின்றனர்; காப்போர் கற்பதை நிறுத்தலாமோ?