மழையில்லாத் தூறல்

தேக்கங்கொழுந்தைப் பறித்துக் கசக்கினால் உள்ளங்கை மருதாணி வைத்ததுபோலச் சிவக்கும். தேக்கு நிற்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது பழைய விளையாட்டு. அதே கொழுந்தைத் தேடி இரவில் ஓர் அந்துப்பூச்சியும் வரும். முற்றிய, சொரசொரத்த இலை அதற்கு ஆகாது. முட்டையிலிருந்து வரும் குஞ்சுப் புழுவின் வாய்க்கு இளந்தளிர்தான் தோது.

ஹைப்ளேயா பியூரா என்பது அறிவியல் பெயர். 1777-ல் பதிவானது. தோட்டக்காரரிடம் இந்தப் பெயரைச் சொன்னால் விழிப்பார். 'தேக்குப் புழு' என்றால் உடனே புரிந்துகொள்வார். புழுவைத் தெரிந்த அளவுக்குப் பூச்சியை யாரும் கவனிப்பதில்லை. கவனிக்கும்படி அது உட்கார்வதும் இல்லை. இறக்கையை விரித்தாலே மூன்று, மூன்றரை சென்டிமீட்டர்தான். மடக்கி உட்கார்ந்தால் பழுப்புச் சருகு. முன்னிறக்கைக்கு அடியில் கறுப்பும் ஆரஞ்சுமாக ஒரு பின்னிறக்கையை ஒளித்து வைத்திருக்கிறது என்பது அது பறக்கும்போதுதான் தெரியும்.

ஒரு பெண் பூச்சி சுமார் ஐந்நூறு முட்டை இடும். தளிரின் நரம்போரமாக, ஒவ்வொன்றாக. இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். குஞ்சுப் புழு முதலில் இலையின் மேல்தோலைச் சுரண்டித் தின்னும். கொஞ்சம் வளர்ந்ததும் தையல் வேலையில் இறங்கும். இலையோரத்தில் இரண்டு வெட்டு. வெட்டிய துண்டை மடித்து, வாயிலிருந்து வரும் நூலால் அங்கங்கே இழுத்துக் கட்டு. சமோசா மடிப்பதுபோல. அந்த மடிப்புக்குள் பகைவர் கண்ணில் படாமல் இருந்துகொண்டு தின்னும். இரண்டே வாரத்துக்குள் முழுப் புழு. பிறகு நூலில் தொங்கித் தரையிறங்கி, சருகுக்கடியில் கூட்டுப்புழு. இன்னும் ஒரு வாரத்தில் பூச்சி.

அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும்வரை மரத்துக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை. கோடை மழை நாலு தூறல் போட்டு, காடு முழுக்கத் தளிர் விடும் நேரத்தில்தான் கணக்கு மாறுகிறது. எங்கோ ஓரிரு ஏக்கரில் திடீரென்று புழு பெருகும். அடுத்த தலைமுறை நூற்றுக்கணக்கான ஏக்கர். வெளிர்நிறமாக இருக்க வேண்டிய புழு, நெருக்கடியில் வளரும்போது கறுத்துவிடுகிறது. அப்போது தேக்கங்காட்டுக்குள் போனால் மழையே இல்லாமல் தூறல் சத்தம் கேட்கும். கையை நீட்டினால் கறுப்பாகக் கடுகு போல விழும்: அத்தனையும் புழுவின் எச்சம். நடந்தால் முகத்தில் நூல் ஒட்டும். அண்ணாந்து பார்த்தால் இலை இருந்த இடத்தில் நரம்புகள் மட்டும் நிற்கும்.

இந்தப் பூச்சியைத் துருவித் துருவி ஆராய்ந்த இடம் கேரளத்து நிலம்பூர். அன்றைய சென்னை மாகாணத்து மலபார் கலெக்டர் கானலியும் சாத்து மேனனும் 1840-களில் அங்கே தேக்கு நட்டார்கள். 1846-ல் நட்ட மரங்கள் இன்றும் நிற்கின்றன. நட்டதை வெட்டும்வரை காத்திருக்கிறவர்களுக்குப் புழு ஒரு பணக் கேள்வி. பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையத்தின் கே.எஸ்.எஸ். நாயரும் உடனிருந்தவர்களும் இளம் தேக்குகளில் ஒரு பகுதியைப் புழு அண்டாமல் காத்து, மறு பகுதியை அப்படியே விட்டு, சில ஆண்டுகள் அளந்தார்கள். மரம் சாகவில்லை, சில வாரங்களில் மறுபடி தளிர்த்துவிடும். ஆனால் கூடியிருக்க வேண்டிய மரக் கனஅளவில் 44 சதவீதம் போயிருந்தது. நுனிக் குருத்து கடிபட்டால் மரம் கவட்டையாகப் பிரிந்து, நேரான தடிக்கும் வழியில்லாமல் போகும். வரப்பில் நாலு தேக்கு வைத்திருப்பவர் 'மரம் பட்டுப்போச்சு' என்று பதறுவது வீண். நஷ்டமே இல்லை என்பதும் தப்பு.

ஒரே மரத்தை வரிசையாக நட்டதால்தான் இந்த வினை என்று சொல்லத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மனிதர் நடாத இயற்கைத் தேக்குக் காட்டிலும் இதே கூத்து நடக்கிறது. மும்பைக் கடலோரத்தில் சேற்றில் நிற்கும் வெண்கண்டல் மரங்களையும் இது மொட்டையடித்திருக்கிறது.

பூச்சிமருந்தை ஆகாயத்திலிருந்து தெளித்துப் பார்த்ததும் உண்டு. காட்டுக்குள் ஓடையும் மீனும் தேனீயும் இருக்கும்போது அது புத்திசாலித்தனமாக எனக்குப் படவில்லை. புழுவுக்கென்றே ஒரு வைரஸ் இருக்கிறது. அது தொற்றிய புழு கொழகொழவென்று கரைந்து இலையில் வழியும். அந்த இலையைத் தின்ற புழுவும் அப்படியே. பீச்சியில் ஆராய்ச்சியாளர்கள் அதைத்தான் மருந்தாக்கித் தெளித்துப் பார்த்தார்கள். காக்கையும் மைனாவும் கரிச்சானும் எந்த ஆராய்ச்சியும் இல்லாமல் வந்து சேர்ந்துகொள்கின்றன.

ஜாவாக்காரர்கள் வழி வேறு. அங்கே மழைக்காலத் தொடக்கத்தில் தேக்கங்காட்டுக்குள் ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாகக் குனிந்து சருகைக் கிளறிக்கொண்டிருப்பார்கள். பொறுக்கும் கூட்டுப்புழுவுக்கு உங்க்ருங் என்று பெயர். உப்பும் மசாலாவும் போட்டு எண்ணெயில் மொறுமொறுவென்று வறுத்தால் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளலாம். மிஞ்சியது சந்தைக்குப் போகும். பூச்சி கூட்டைவிட்டுப் பறப்பதற்குள், அந்த ஒரு வாரத்துக்குள் பொறுக்கினால்தான் உண்டு.