மலையேறிய வண்டிகள் – 14: சிவப்பு நட்டு

சென்ற வாரம் கம்பிவடத்தில் தேயிலைக் கொழுந்து மூட்டை இறங்கியதைப் பார்த்தோம். அதற்கு முந்திய மாட்டு வண்டிக் கதை பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். திரும்பச் சொல்ல இடமில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து உபரியாக விற்கப்பட்ட இராணுவ லொறிக்கு மரப்பெட்டி கட்டி அதைக் கொழுந்து லொறியாக்கும் வேலையை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். பெட்டிக்குக் கீழே சில்லு இருக்கிறது. அந்தச் சில்லில் ஒரு வரிசை நட்டு இருக்கிறது. வாரம் முழுவதும் அந்த நட்டுகளோடேயே போய்விட்டது. ஆசிரியர் பக்கத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மனதில் நிறைந்திருப்பதைத்தான் எழுதிக் கொடுக்க முடியும்.

லொறி வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். 1942 ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. அதன்பிறகு இலங்கைத் தீவு பெரிய படைத்தளமாகிவிட்டது. 1944 ஏப்ரலில் நேச நாட்டுப் படைத்தளபதி மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தை டெல்லியிலிருந்து கண்டிக்கு மாற்றிப் பேராதனைப் பூங்காவில் அமர்த்தினார். படை வந்தால் லொறியும் வரும். பிரித்தானியப் படைகள் இந்தப் பக்கத்தில் ஓட்டிய லொறிகளில் பெரும்பங்கு கனடாவில் செய்தவை. ஃபோர்ட் லொறிகள் வின்சர் நகரிலும் ஷெவர்லே லொறிகள் ஒஷாவாவிலும் உருவாயின. போர்க்காலத்தில் கனடா 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட இராணுவ வண்டிகளைச் செய்தது. அவற்றில் ஏறக்குறையப் பாதி, ‘கனடா இராணுவ மாதிரி’ என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்த லொறிகள்.   

அந்த லொறியின் முகத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு மறக்காது. மூக்கு சப்பையாக இருக்கும். எஞ்சினைச் சாரதியின் பக்கத்துக்கே தள்ளிவிட்டு, மிச்சம்பிடித்த நீளத்தையெல்லாம் பின்தட்டுக்குக் கொடுத்திருப்பார்கள். பிந்திய மாதிரிகளில் முன்கண்ணாடியின் மேல்விளிம்பு முன்னால் சாய்ந்திருக்கும். வெயில் பட்டு மின்னினால் மேலே பறக்கும் விமானத்துக்குக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. வட்டவளைப் பக்கத்து அடைமழையில் அப்படிச் சாய்ந்த கண்ணாடி எவ்வளவு நல்லது என்பதை அங்கே லொறி ஓட்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். எஞ்சின் சூடு காலில் அடிக்கும். கண்டியில் அது தொல்லை, நுவரெலியாவில் அது சுகம்.

இப்போது தோட்டத்தின் தேவையைப் பாருங்கள். இராணுவ லொறி, பாதையே இல்லாத இடத்துக்கு ஒருமுறை போய்ச் சேருவதற்காகச் செய்யப்பட்டது. கொழுந்து லொறி ஒரே பாதையில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, வருடக்கணக்காக, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கும் தேயிலை ஆலையான ஸ்டோருக்கும் போய் வரவேண்டும். கொழுந்து பாரத்தைவிட இடத்தைத்தான் கேட்கும். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து போட்டால் ஒரு கிலோ தேயிலை. மிச்சமெல்லாம் தண்ணீராகப் போய்விடும். அமுக்கி அடைத்தால் கொழுந்து உள்ளுக்குள் சூடேறிச் சிவந்துவிடும், ஸ்டோரில் தேயிலை தயாரிக்கும் டீமேக்கர் முகமும் அதோடு மாறும். ஆகவே பாரம் தூக்கும் வலுவைக் காட்டிலும் காற்றோட்டமும், நேரத்துக்கு வந்து சேரும் நம்பிக்கையும்தான் இங்கே பெரிது. இராணுவ லொறியைத் தோட்ட லொறியாக்குவது என்றால், போருக்காகக் கொடுத்த திறமைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வைப்பது என்றே நான் புரிந்துகொள்கிறேன். கழற்றும் வேலை சில்லில் தொடங்குகிறது.

அந்தச் சில்லை நேராக நின்று பாருங்கள். இரண்டு வட்டமாக நட்டுகள் தெரியும். உள்வட்டம், சில்லை அச்சோடு பிடித்து வைக்கிற நட்டுகள். வெளிவட்டத்து நட்டுகளுக்கும் அச்சுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த ரிம் ஒரே துண்டு அல்ல, இரண்டு பாதிகள். அந்த இரண்டு பாதிகளையும் முகத்தோடு முகம் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பவை வெளிவட்டத்து நட்டுகள். டயரில் காற்று இருக்கும்போது அவற்றைக் கழற்றினால் இரண்டு பாதிகளும் வெடித்துப் பிரியும். அதனால் படையில் அந்த நட்டுகளுக்கு மட்டும் சிவப்புச் சாயம் பூசினார்கள். எழுத்தறியாதவனுக்கும் விளங்கவேண்டும், இருட்டில் கைவிளக்கு வெளிச்சத்திலும் விளங்கவேண்டும் என்றால் இதைவிட எளிய எச்சரிக்கை கிடையாது.

ஏன் இப்படி ஒரு ஆபத்தான சில்லைச் செய்தார்கள்? குண்டு துளைத்துக் காற்று போனாலும் சில மைல் ஓடித் தப்பவேண்டும் என்பதற்காகப் பக்கச்சுவர் தடித்த டயர்களைப் போட்டார்கள். அந்தத் தடிப்பை வளைத்து, லீவர் போட்டு நெம்பி ரிம்மில் ஏற்ற முடியாது. ரிம்மை இரண்டாகப் பிரித்து, டயரை நடுவில் வைத்து, மறுபாதியை மூடி இறுக்குவதுதான் வழி. உள்ளே டயரின் இரு விளிம்புகளுக்கும் நடுவே ஒரு வளையத்தையும் வைத்தார்கள். காற்றில்லாமல் ஓடும்போது டயர் ரிம்மில் வழுக்காமல் அது பிடித்துக்கொள்ளும். போர்க்களத்தில் உயிர் காக்கும் ஏற்பாடு, கராஜில் உயிர் எடுக்கும் ஏற்பாடாக மாறியது.

3 தொன் லொறியின் 10.50-20 அளவு டயரை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெளிவிட்டம் நாற்பது அங்குலத்தைத் தாண்டும். சதுர அங்குலத்துக்கு 45 இறாத்தல் காற்றடித்திருக்கிறது, பக்கச்சுவரில் விழும் அமுக்கத்தில் பாதி ரிம்முக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பாதியையும் வெளியே தள்ளும் விசை ஏறத்தாழ 10 தொன். லொறி சுமக்கும் பாரத்தைப்போல் மூன்று மடங்கு! ஸ்பானரைப் பிடித்துக் குனிந்திருப்பவரின் நெஞ்சுக்கு நேரே அந்த விசை காத்திருக்கிறது.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாதது இதுதான்: உபரி லொறியை வாங்கியவர் முதலில் செய்யும் வேலை சாயம் அடிப்பது. இராணுவப் பச்சையை மறைக்கவேண்டும், புதுப்பெயர் எழுதவேண்டும். பெயின்டர் பிரஷ்ஷை எடுத்துச் சில்லையும் சேர்த்து ஒரே நிறமாக அடித்துவிட்டுப் போய்விடுவார். சிவப்பு மறைந்துவிடும். லொறி கைமாறும். அடுத்தவருக்கு அது வெறும் இரண்டு வட்ட நட்டு. ஹட்டனில் வயதான ஒரு கராஜ் பாஸிடம் இதைப் பற்றிக் கேட்டேன். “தம்பி, பழைய ஆமி வீல் எதைக் கண்டாலும் மொதல்ல வால்வு ஊசிய கழட்டிருவேன். காத்து முழுசா போன பொறகுதான் ஸ்பானரே எடுப்பேன். கலரப் பாத்து வேல செய்யக் கூடாது” என்றார். பிற்காலத்து பெட்ஃபோர்ட் லொறிகளில் டயரை ரிம்மில் பூட்டி வைக்கும் லொக் ரிங் தெறித்துக் கை இழந்தவர்களை மலையகத்துக் கராஜ்களில் இன்றும் நினைவுகூர்கிறார்கள். அது வேறு ரக ரிம், ஆனால் அதே காற்று. அந்த பாஸ்மார்களின் கவனத்துக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் பெயர் போடப்படவில்லை.

சில்லை மாற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போர் லொறிக்குப் பின்னால் இரட்டைச் சில்லு கிடையாது. பக்கத்துக்கு ஒன்றே, அகலமாக இருக்கும். சேற்றிலும் மணலிலும் முன்சில்லு போட்ட தடத்திலேயே பின்சில்லு வரவேண்டும் என்பது கணக்கு. தோட்டப் பாதையில் அந்தத் தேவை இல்லை. ஒரு டயர் போனால் மற்றது தாங்கும் இரட்டைச் சில்லுதான் பள்ளத்தாக்கு ஓரத்தில் ஓடுகிறவனுக்கு நிம்மதி.

நான்கு சில்லும் இழுக்கும் ஏற்பாட்டுக்கும் இதே கதி. முடக்கில் திரும்பும்போது முன்சில்லுகள் பின்சில்லுகளைவிட நீண்ட வட்டத்தில் ஓடுகின்றன. இரண்டு அச்சையும் ஒரே வேகத்தில் சுற்றவைத்தால் கியர்ப் பெட்டிக்குள் முறுக்கேறும். டயர் தேயும், மூட்டு உடையும். சேற்றில் டயர் வழுக்கி அந்த முறுக்கு தானாகத் தளர்ந்துவிடும். தார் போட்ட றம்பொடைப் பாதையில் தளராது. ஆகவே லீவரைத் தள்ளி முன் இழுவையை விடுவித்து ஓட்டவேண்டும். முன் அச்சுக்குப் போகும் தண்டையே கழற்றிப் பாரத்தைக் குறைப்பதும் உண்டு.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதில் ஒரு விஷயம் உயிர்ப் பிரச்சினை. ஷெவர்லேயின் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் கடல்மட்டத்தில் 85 குதிரைவலு கொடுக்கும். ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 3 வீதம் குறையும் என்று வைத்தால், 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் எழுபதுதான் மிஞ்சும். பெட்ரோல் செலவும் கட்டுப்படியாகாது. ஆகவே இப்படிப்பட்ட லொறிகளுக்குப் பல நாடுகளில் பெர்கின்ஸ் பி6 போன்ற டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். பெட்ரோல் எஞ்சின் மூச்சிழுக்கும்போது உண்டாகும் வெற்றிடம்தான் அந்த லொறியின் பிரேக்குக்கு வலுச் சேர்க்கிறது. டீசல் எஞ்சினில் அந்த வெற்றிடம் கிடைக்காது. தனியாக ஒரு வெற்றிடப் பம்ப் பூட்டாமல் விட்டால், மிதிப்பவரின் கால் பலம் மட்டும்தான் பிரேக். அதோடு, இறக்கத்தில் கியரில் விட்டுப் பிடிக்கும்போது பெட்ரோல் எஞ்சின் தருகிற இழுத்துப்பிடிப்பையும் டீசல் அந்த அளவுக்குத் தராது. ஏற்றத்தைப் பார்த்து எஞ்சின் வாங்கியவர்கள் இறக்கத்தையும் நினைத்திருக்கவேண்டும்.

வேறு ஊர்களில் என்ன நடந்தது என்பதையும் சொல்லாமல் விட மனமில்லை. ரங்கூனில் இதே கனடா ஷெவர்லே லொறிகளுக்கு மரக்கூடு கட்டி பஸ்ஸாக்கினார்கள். அவை 2000ஆம் ஆண்டுக்குப் பிறகும் ஓடின. பிலிப்பைன்ஸில் அமெரிக்கர் விட்டுப்போன ஜீப்பை நீட்டி ஜீப்னியாக்கினார்கள். வேல்ஸின் ஆங்கிள்ஸி தீவில் மொரிஸ் வில்க்ஸ் என்ற பொறியியலாளர் தன் பண்ணையில் ஒரு உபரி இராணுவ ஜீப்பை வைத்திருந்தார். அதற்கு ஈடாக ஒன்று செய்யவேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் 1948இல் வெளிவந்த லேண்ட் ரோவர். நம் தோட்டத் துரைமார் ஓட்டிய அதே வண்டி. பிற்காலத்தில் படைகளுக்கென்று செய்த லேண்ட் ரோவர்களிலும் இரண்டாகப் பிரியும் ரிம் உண்டு. அங்கேயும் சிவப்பு நட்டு.

நம் பக்கத்தில் காலமும் லொறிக்குச் சாதகமாக இருந்தது. ரயில் 1884இல் ஹட்டனுக்கும் அடுத்த வருடம் நானுஓயாவுக்கும் வந்துவிட்டது, ஆனால் ஸ்டேஷனுக்கு வெளியே இருந்த தோட்டங்களுக்கு அது எட்டாது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்குப் போன குறும்பாதை ரயில் லொறிப் போட்டியைத் தாங்காமல் 1940களில் நின்றுபோனது.

மரப்பெட்டி அடுத்த வாரத்துக்குப் போகிறது. சட்டங்களின் இடைவெளி, மூட்டை தொங்கவிடும் தட்டுகள், தார்ப்பாய் கட்டும் விதம் எல்லாவற்றையும் அப்போது எழுதுகிறேன். அந்தப் பெட்டியில் கொழுந்து மட்டும் போகவில்லை. பிரசவ வலியில் துடித்த பெண்களையும் அதே பலகையில் கிடத்தித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மனிதரை ஏற்றுவதற்கென்று அந்த லொறியில் யாரும் ஒரு வேலையும் செய்து வைக்கவில்லை. கொழுந்து சிவக்காமலிருக்கக் காட்டிய அக்கறையில் ஒரு பங்கையாவது தாய்மாருக்குக் காட்டியிருக்கலாம். காட்டாதது பெரிய குற்றம் என்பதே என் முடிவு. அதையும் விரிவாக எழுதவேண்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்து ஸ்டோர் பின்பக்கத்திலோ கராஜ் மூலையிலோ இரண்டு வட்ட நட்டு உள்ள பழைய சில்லு கிடந்தால், டயரோடு இருந்தால் முதலில் காற்றை முழுவதும் இறக்குங்கள், பிறகு வெளிவட்டத்து நட்டுகளுக்கு ஒரு கை சிவப்புச் சாயம் பூசிவிடுங்கள். உங்கள் அப்பாவோ தாத்தாவோ கொழுந்து லொறி ஓட்டியிருந்தால், பெட்டி தெரியும் பழைய படம் ஏதாவது இருக்கிறதா என்று வீட்டில் தேடிப் பார்த்து, எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று குறித்து நம் அலுவலக முகவரிக்கு அனுப்புங்கள்.