எளியவர் ஜெபத்துக்கு வலிமை உண்டா?

சனிக்கிழமைகளில் தெம்பனிஸிலிருந்து ரயில் ஏறி, நகர மண்டபத்தில் மாறி, நொவீனாவில் இறங்குவோர் உண்டு. தாம்சன் சாலையிலுள்ள புனித அல்போன்சஸ் தேவாலயத்தில் நடக்கும் நவநாள் ஜெபத்தால் வந்த பெயர்தான் அது. வேலை, நோய், குடும்பம் என்று மக்கள் எழுதித் தரும் விண்ணப்பங்களும் நன்றிக் கடிதங்களும் அங்கே வாசிக்கப்படுகின்றன. முகம் தெரியாத ஒருவருக்காகச் சபையே ஜெபிக்கிறது. கத்தோலிக்கர் அல்லாதவர்களும் வருகிறார்கள்.

"பெரிய ஊழியர் ஜெபித்தால்தான் பலிக்குமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேதாகமம் அப்படிச் சொல்லவில்லை. எலியா தீர்க்கதரிசியும் நம்மைப் போன்ற மனிதர்தான் என்று யாக்கோபு நிருபம் 5ஆம் அதிகாரத்தில் நினைவூட்டுகிறது. ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கச் சொல்கிறது.

பேதுரு சிறையிலிருந்தபோது, மரியாள் என்பவரின் வீட்டில் விசுவாசிகள் கூடி ஜெபித்தார்கள். விடுதலையான பேதுரு வாசலில் நிற்பதாக ரோதை என்ற வேலைக்காரப் பெண் சொன்னபோது, அவர்களே நம்பவில்லை! அத்தனை தளர்ந்த உள்ளங்களின் ஜெபமும் கேட்கப்பட்டது.

கேட்டது கிடைக்காவிட்டால்? பவுல் தமது வேதனை நீங்க மூன்று முறை வேண்டினார். வேதனை நீங்கவில்லை, தாங்கும் பலம் கிடைத்தது. எனவே, குணமாகாத நோயாளியைப் பார்த்து, "உங்களுக்கு விசுவாசம் போதவில்லை" என்பது தவறு. மருந்தை நிறுத்தச் சொல்வது அதைவிடத் தவறு.

ஜெபத்தின் வலிமை ஜெபிப்பவரின் தகுதியில் இல்லை, செவிசாய்க்கும் கடவுளிடம் இருக்கிறது என்பதே கிறிஸ்தவ நம்பிக்கை. அதனால்தான் பக்கத்து புளோக் பாட்டியின் இரண்டு வரி ஜெபமும் அங்கே சிறியதல்ல.