மூச்சைத் தடுக்காத வடிகட்டி

என்95 முகக்கவசத்தைச் சல்லடையாக நினைப்பவர்கள் பலர். ஓட்டையைவிடப் பெரிய தூசு நிற்கும், சிறியது புகுந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. உண்மையில் அதன் நார்களுக்கு இடையே உள்ள இடைவெளி, அது பிடித்துவைக்கும் துகள்கள் பலவற்றைவிடப் பன்மடங்கு பெரியது. இவ்வளவு நுண்ணிய துகள் நாரின்மேல் பட்டால் போதும், ஒட்டிக்கொள்ளும். காற்றோடு போகும் துகளை நாரில் படவைப்பதுதான் பொறியாளரின் வேலை.

ஒரு மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் கனமானவை. காற்று நாரைச் சுற்றி வளையும்போது அவற்றால் உடன் திரும்ப முடியாது. நேரே போய் மோதும். 0.1 மைக்ரானுக்குக் கீழே உள்ளவற்றைக் காற்றின் மூலக்கூறுகள் ஓயாமல் இடிக்கின்றன. தள்ளாடி அலையும் அவற்றில் பெரும்பாலானவை ஏதாவது ஒரு நாரில் பட்டுவிடும். தொல்லை தருவது இடைப்பட்ட அளவு. மோதப் போதிய கனமும் இல்லை, அலையப் போதிய நுண்மையும் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் புகை வடிகட்டிகளை ஆராய்ந்த அமெரிக்க வேதியியலாளர் இர்விங் லாங்முயர், சுமார் 0.3 மைக்ரான் துகளே அதிகம் தப்பிச் செல்லும் என்று கணித்தார். வடிகட்டிகளைப் பற்றிய பேச்சில் 0.3 என்ற எண் இன்றும் அடிபடுவது அதனால்தான்.

நார்களை நெருக்கி அடுக்கினால் இந்த இடைப்பட்ட துகள்களையும் பிடித்துவிடலாம். ஆனால் மூச்சு முட்டும். மணிக்கணக்கில் முகக்கவசம் அணிந்து வேலைசெய்யும் செவிலியர், காற்றுக்காக ஓரத்தைச் சற்றுத் தூக்கினால் கவசம் இருந்தும் பயனில்லை. அதனால், எவ்வளவு பிடிக்கிறது என்பதோடு எவ்வளவு எளிதாக மூச்சுவிட விடுகிறது என்பதையும் சேர்த்தே ஒரு வடிகட்டியை மதிப்பிட வேண்டும்.

தைவானில் பிறந்து அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான பீட்டர் சாயின் ஆய்வு, என் பார்வையில், இங்கேதான் உயர்ந்து நிற்கிறது. உருக்கிய பாலிபுரோப்பிலீனை நுண்துளைகள் வழியே விட்டுச் சூடான காற்றால் ஊதி இழுத்தால், சில மைக்ரான் தடிமனே உள்ள நார்களின் விரிப்பு கிடைக்கும். சாயும் சக ஆய்வாளர் லாரி வாட்ஸ்வொர்த்தும் அந்த விரிப்பை உயர் மின்னழுத்தத்தில் அயனியாக்கிய காற்றின் ஊடே செலுத்தி, அதில் மின்னூட்டத்தை நீடித்துத் தங்கவைத்தார்கள். 1995இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. மின்னூட்டம் பெற்ற நார்களை இவர்களுக்கு முன்பும் சிலர் செய்ததுண்டு. பெருமளவு உற்பத்திக்கு ஏற்ற நல்ல முறையைத் தந்தது இவர்களின் சாதனை. நாரின் மின்புலம் மின்னூட்டமுள்ள துகளை இழுக்கும். மின்னூட்டமற்ற துகளையும் முனைவுறச் செய்து இழுக்கும். துணி தடிக்கவில்லை, மூச்சுக்குத் தடை கூடவில்லை. வடிகட்டும் திறன் மட்டும் பல மடங்கு உயர்ந்தது.

2020இல் கொரோனா பரவி மருத்துவமனைகளில் கவசங்கள் தீர்ந்தபோது, ஓய்வுபெற்றிருந்த சாய் மீண்டும் ஆய்வில் இறங்கினார். அணிந்த கவசத்தை எப்படித் தூய்மையாக்கி மறுபடி பயன்படுத்துவது என்பதே அப்போதைய அவசரக் கேள்வி. சோப்பும் ஆல்கஹாலும் கிருமியைக் கொல்லும், கூடவே நாரின் மின்னூட்டத்தையும் அழித்துவிடும். கவசம் கிழியாது, நிறம் மாறாது; பழையபடியே இருக்கிறது என்று நம்பி அணிபவருக்குப் பாதுகாப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். அதனால் சுமார் 70 டிகிரி உலர்வெப்பத்தில் அரை மணி நேரம் வைக்கலாம் என்றார் சாய். அதற்கு வசதியில்லாதவர்களுக்கு இன்னும் எளிய வழி சொன்னார்: ஏழு கவசங்களை நாளுக்கு ஒன்றாக அணிந்து கழற்றி வைத்தால், முதல் கவசத்தின் முறை மீண்டும் வருவதற்குள் அதிலிருக்கும் வைரஸ் தானாகவே செயலிழந்துவிடும்.